50 மெகாபைட்டுக்குள் ஒரு கணினி

ஓ.எல். ஐசிடி பாடத்தில் ‘பணிசெயல் முறைமை’ வன்தட்டில் இருக்கும் எண்டுதான் படிச்சம். வன்தட்டே இல்லாமலும் அது ஓடும் எண்டு ஒருத்தரும் சொல்லித் தரேல்ல.

2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குக் குறைந்தது 64 மெகாபைட் ரேம் போதும். 2007இல் வந்த விஸ்டா 512 கேட்டது. ஆறு வருஷத்துக்குள் எட்டு மடங்கு! கணினி தேய்ந்துபோகவில்லை. நேற்றுக் கடிதம் எழுதினது இன்றைக்கும் எழுதும். ஆனாலும் அது ‘பழசு’. இந்தக் கணக்கை ஏற்காத சிலரும் அந்தக் காலத்தில் இருந்தார்கள்.

2000இல் ஜெர்மனியில் கிளவுஸ் நொப்பர் ‘நொப்பிக்ஸ்’ வெளியிட்டார். சீடியைப் போட்டால் முழு லினக்ஸும் அதிலிருந்தே எழும்பும். ஆனால் சீடி மெதுவான சாமான். எதைத் திறந்தாலும் அது சுத்தி முடியும்வரை காத்திருக்க வேணும்.

2003இல் அவுஸ்திரேலியாவின் பாரி கோலர் ‘பப்பி லினக்ஸ்’ஸைக் கொண்டுவந்தார். பெயர் அவர் வளர்த்த நாயின் நினைவாக வைத்தது. எல்லாவற்றையும் ரேமுக்குள் ஏற்றிவிடுவதுதான் அவருடைய வழி. ஏற வேண்டுமென்றால் சிறிசாக இருக்க வேணும். அதனால் பெரிய மென்பொருட்களை விட்டுச் சின்னச் சின்னதாகத் தேடிச் சேர்த்தார். ஏறினபிறகு சீடியை வெளியில் எடுக்கலாம். ரேமிலிருந்து வாசிப்பதால் பழைய மெஷினும் பறக்கும். சரி, கரண்ட் போனால் ரேமில் உள்ளது அழியுமே? ஓம், அழியும். அதனால்தான் மூடும்போது நம்முடைய வேலையை ஒரு கோப்பாகப் பென்டிரைவிலோ வன்தட்டிலோ சேமித்து, அடுத்த முறை அதையும் சேர்த்து எழுப்பும். எந்த மெஷினில் குத்தினாலும் அது உங்களுடைய கணினி.

இன்னும் பிடிவாதமானது ஜோன் அண்ட்ரூஸின் ‘டாம் ஸ்மோல் லினக்ஸ்’. 50 மெகாபைட்டைத் தாண்டுவதில்லை எண்டு தாங்களே கோடு கீறினார்கள். விசிட்டிங் கார்ட் அளவுச் சீடிக்குள் அடங்கும். 486 மெஷினில் 16 மெகாபைட் ரேமோடும் ஓடும். 128 இருந்தால் முழுசாகவே ரேமுக்குள் ஏறும். அந்த 50க்குள் உலாவி, எழுதும் மென்பொருள், பாட்டுக் கேட்கிறது எல்லாம் இருந்தன.

2008க்குப் பிறகு அது நின்றுபோனது. 2024இல் அண்ட்ரூஸ் திரும்ப வந்தார். இப்போது கோடு 700 மெகாபைட்டில். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. சின்ன உலாவியில் இன்றைய இணையத்தளங்கள் திறக்காது. பெரிய உலாவியைப் போட்டால் மற்றதெல்லாம் சிறிசாக இருந்தும் பிரயோசனம் இல்லை.

அந்தப் பழைய 50 மெகாபைட் சீடியை இன்றைக்குப் போட்டாலும் பழைய மெஷின் எழும்பும். கடிதம் எழுதலாம், பாட்டுக் கேட்கலாம். கம்பஸ் போர்ட்டலைத்தான் திறக்க ஏலாது.