சட்டாம்பிள்ளை தந்த பாடம்

புளியங்குடி வட்டாரத்துப் பெரியோர்க்குச் ‘சட்டாம்பிள்ளை’ என்னும் சொல் புதிதன்று. திண்ணைப் பள்ளியில் ஆசிரியருக்குத் துணையாக நின்று, இளையவர்களுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்த மாணவனே சட்டாம்பிள்ளை. இம்முறை கடல் கடந்து சென்ற வரலாறு நம் பங்கு மக்கள் அறியத் தக்கதாகும்.

1789-ல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் பிள்ளைகளுக்கான அநாதைப் பள்ளியின் பொறுப்பை ஏற்றவர் ஆங்கிலிக்கன் சபைக் குருவான ஆண்ட்ரூ பெல். நம் நாட்டுப் பள்ளியொன்றில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், தம் பள்ளியிலும் அவ்வாறே கற்பிக்கச் சொன்னார். ஆசிரியர் இணங்கவில்லை. எனவே ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். பெரியவர் மறுத்த பணியைச் சிறுவன் செவ்வனே செய்து காட்டினான். 1797-ல் பெல் வெளியிட்ட நூலின் வழியே இது ‘மதராஸ் முறை’ எனப் பெயர் பெற்று, இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் பலருக்கு எழுத்தறிவித்தது.

குறைகளும் இருந்தன. மனப்பாடமே மிகுந்தது, சட்டாம்பிள்ளையின் பிரம்புக்கு அஞ்சிப் பள்ளிக்கு ஒளிந்த பிள்ளைகளும் உண்டு. பிரம்பை விலக்கி, பொறுப்பை மட்டும் நாம் எடுத்துக்கொள்வோம். பிறருக்குச் சொல்லித்தர வேண்டுமென்றால் பிள்ளை தானே விரும்பிப் படிக்கும்.

பெற்றோரே! இன்று மாலை உங்கள் மூத்த பிள்ளையை அழைத்து, இளையவனுக்கு ‘அ’ எழுதக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். குறுக்கிடாமல் அருகிலிருந்து பாருங்கள்.