பழகின கையும் மாறின வீதியும்



போன மாதம் நிகழ்ச்சி முடிந்து வெளிக்கிடும் நேரம் ஓர் அண்ணா தொலைபேசியில் வந்தார். இனிக் கார் ஓட வேண்டாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்களாம். "யாழ்ப்பாணத்தில மண்ணெண்ணெயில கார் ஓடினவன் நான். எனக்கு இவை ஓடப் பழக்கினமோ?" என்று கேட்டார். உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதிலைத் தேடிக் கொஞ்சம் வரலாறு படித்தேன். அதையே இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இத்தாலியில் எல்லோரும் எப்போதும் வலப்பக்கமே ஓடினார்கள் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. நூறு வருடத்துக்கு முன் நாட்டுப்புற வீதிகளில் வலப்பக்கம், ட்ராம் ஓடிய பெரிய நகரங்கள் சிலவற்றில் இடப்பக்கம் என்று இருந்தது. 1923ஆம் ஆண்டின் கடைசி நாளில் வந்த அரச ஆணைதான் நாடு முழுவதற்கும் ஒரே பக்கம் என்றது. அதன் பிறகும் ரோம் நகரம் 1925இலும் மிலானோ 1926இலும்தான் மாறி முடிந்தன.

சுவீடன் 1967 செப்டெம்பர் 3ஆம் திகதி, ஞாயிறு விடிய 5 மணிக்கு, இடமிருந்து வலத்துக்கு மாறியது. விபத்துகள் கூடும் என்று பலர் பயந்தார்கள். ஆனால் உடனே குறைந்தன. இரண்டு வருடம் போக மெல்ல மெல்லப் பழைய நிலைக்கே வந்துவிட்டன. காரணம் விளங்குகிறதல்லவா? வீதி புதிது என்ற எண்ணம் இருந்தவரை எல்லோரும் கவனமாக ஓடினார்கள். பழகியதும் கவனம் போய்விட்டது.

இனி எங்கள் கதைக்கு வருவோம். 80களில் பலேர்மோவுக்கு வரத் தொடங்கிய எங்கள் ஆட்களில் பலர் ஊரில் இடப்பக்கம் ஓடிப் பழகியவர்கள். இங்கே வந்தபின் வீதிச் சட்டம் எத்தனை தரம் மாறியது என்று பாருங்கள். 1989இல் முன் ஆசனத்தில் சீற் பெல்ற் கட்டாயமானது. 2000ஆம் ஆண்டில் மொபெட்டிலும் வயது வேறுபாடின்றி எல்லோருக்கும் ஹெல்மெற். 2003 கோடையில் புள்ளி முறை. 2024 டிசம்பர் 14 முதல், தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஓடிப் பிடிபட்டால் முதல் தடவையே சாரதி அனுமதிப்பத்திரத்தைக் குறைந்தது 15 நாளுக்கு நிறுத்திவைக்கலாம். 1985இல் அனுமதிப்பத்திரம் எடுத்தவர் இவற்றில் ஒன்றுக்கும் பரீட்சை எழுதவில்லை.

புதுப்பிக்கும்போது பார்ப்பார்களே என்பீர்கள். கார் அனுமதிப்பத்திரத்தை 50 வயதிலிருந்து 5 வருடத்துக்கு ஒருமுறை, 70க்குப் பிறகு 3 வருடத்துக்கு ஒருமுறை, 80க்குப் பிறகு 2 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அங்கே வைத்தியர் கண்ணையும் உடலையும் பார்க்கிறார். ஸ்டொப் பலகையில் நிற்கிறோமா என்று பார்ப்பதில்லை.

அப்படியானால் வயது வந்தவர்களை நிறுத்திவிடுவதா? டென்மார்க்கில் 2006இல் 70 வயதைத் தாண்டியவர்களுக்கு ஞாபக சக்திச் சோதனை கொண்டுவந்தார்கள். முதிய சாரதிகளின் விபத்து குறையவில்லை. மாறாக, காரை விட்டு நடந்தும் சைக்கிளிலும் போன முதியவர்கள் கூடுதலாக இறந்தார்கள். 2017இல் வயதுக்கென்று வைத்திருந்த கட்டாயச் சோதனையையே எடுத்துவிட்டார்கள். இன்னொரு பக்கம் ஜப்பான். 2019இல் தோக்கியோவில் 87 வயதுச் சாரதியின் கார் மோதி ஒரு தாயும் மகளும் இறந்தார்கள். அந்த வருடம் ஏறக்குறைய 6 இலட்சம் பேர் தாங்களாகவே அனுமதிப்பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு விடவும் கூடாது, திறப்பைப் பறிக்கவும் கூடாது.

நான் கணக்காளன், கணக்காகவே சொல்கிறேன். எல்லோருக்கும் தொடக்கத்தில் 20 புள்ளி. ஸ்டொப்பில் நில்லாமல் போனால் 6 கழியும், சிவப்பு விளக்கில் போனால் 6, பெல்ற் போடாவிட்டால் 5. மூன்றும் சேர்த்து 17, கையில் மிச்சம் 3. புள்ளி முழுவதும் போனால் திரும்பப் பரீட்சை. 2011இலிருந்து எழுத்துப் பரீட்சை இத்தாலியன், பிரெஞ்சு, ஜேர்மன் மொழிகளில் மட்டுமே. ஊர் அனுமதிப்பத்திரத்தை மாற்றி எடுத்த 65 வயது அண்ணா ஒருவர் அதை எழுதிச் சித்தியடைய முடியுமா? விடிய வேலைக்குப் போவது எப்படி? பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது எப்படி?

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் பக்கத்தில் இருந்த மகள், "அப்பா, ஆறு ஸ்டொப் வந்தது, நீங்கள் இரண்டிலதான் நிண்டனீங்கள்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தேன். அவள் எண்ணியது சரி.

எனவே ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒருநாள் பிள்ளையையோ நண்பரையோ பக்கத்தில் இருத்தி ஓடுங்கள். அவர் பேசாமல் குறித்துவைக்கட்டும்: ஸ்டொப்பில் சில்லு முழுதாக நின்றதா, பெல்ற் போட்டதா, தொலைபேசியைத் தொட்டதா. இரவில் எதிரே வரும் வெளிச்சம் கண்ணைக் கூசினால் பகலில் மட்டும் ஓடுங்கள். புதிய குளிசை தொடங்கினால், வாகனம் ஓடலாமா என்று மருந்துக்கடையில் கேளுங்கள். இடப்பக்கம் திரும்பக் கடினமான சந்தியென்றால் சுற்றிப் போங்கள், ஐந்து நிமிடம்தான் பிந்தும். 2015 கடைசியிலிருந்து பலேர்மோவில் ட்ராமும் ஓடுகிறது, போகும் இடத்துக்கு அது போகுமென்றால் அதில் ஏறுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. "வயசு போட்டுது, விடுங்கோ" என்று சொல்லாதீர்கள். "நானும் கூட வாறன் அப்பா" என்று சொல்லிப் பாருங்கள்.

அந்த அண்ணாவுக்கு என் பதில் இதுதான். உங்களுக்கு ஓடத் தெரியும் அண்ணா, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் பழகிய வீதி இப்போது இல்லை. சுவீடன்காரர் அந்த முதல் நாள் ஓடியதுபோல ஒவ்வொரு நாளும் ஓடினால் போதும்.