நம் முன்னோர் கட்டிய கல்லூரிகளும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

 

ஆண்டுதோறும் பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில், பெற்றோர் சிலர் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பள்ளிவாசலுக்கு வருவதுண்டு. "ஹஜ்ரத், பையனுக்கு துஆ செய்யுங்கள்" என்பார்கள். "அடுத்து என்ன படிக்கப் போகிறார்?" என்று நாம் கேட்டால், "படிப்பு போதும் ஹஜ்ரத், ஹார்பரில் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்" என்று பதில் வரும். அவ்வேளைகளில், நம் முன்னோர் அரும்பாடுபட்டு உருவாக்கிய கல்லூரிகளின் வரலாறு நம் நினைவில் எழும். அதனை இங்கே சுருக்கமாக எழுத விழைகிறோம்.

தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் 1902ஆம் ஆண்டு சென்னையில் தோன்றியது. வாணியம்பாடியில் 1919ஆம் ஆண்டு இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. இத்தகைய முயற்சிகளுக்குத் தோள் கொடுத்தவர்களுள் தோல் வணிகர்கள் முதன்மையானவர்கள். பதனிட்ட தோல்களை நம் சென்னைத் துறைமுகத்தின் வழியே கப்பலேற்றி இலண்டன் சந்தைக்கு அனுப்பி ஈட்டிய பொருளில் ஒரு பங்கினை அவர்கள் கல்விக்கு ஒதுக்கினார்கள்.

அவர்களுள் ஜமால் முகம்மது சாஹிபு அவர்களை வடசென்னை மக்களாகிய நாம் மறத்தலாகாது. பெரம்பூரில் ஜமாலியா அரபிக் கல்லூரியை நிறுவி, அப்பகுதிக்கே ஜமாலியா என்று பெயர் வழங்கக் காரணமான குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். அவரும் காஜாமியான் ராவுத்தரும் கொண்ட பெருமுயற்சியின் பயனாகவே 1951ஆம் ஆண்டு திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரி திறக்கப்பட்டது. மார்க்கக் கல்விக்கு மதரஸா அமைத்த அதே குடும்பம்தான் உலகக் கல்விக்கும் வழி திறந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். "ஓதுகிற பிள்ளைக்குக் கல்லூரி எதற்கு?" என்று இன்று கேட்போர்க்கு, பெரம்பூரும் திருச்சியும் என்றோ விடை கூறிவிட்டன.

சென்னை அண்ணா சாலையில் இயங்கிய அரசினர் முகம்மதன் கல்லூரி, நாட்டு விடுதலைக்குப் பின் அனைவருக்குமான அரசினர் கலைக் கல்லூரியாக மாறியது. மேற்கூறிய கல்விச் சங்கம் 1951இல் புதுக்கல்லூரியைத் தொடங்கியது. நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்களின் உழைப்பினால் 1955ஆம் ஆண்டு தேனாம்பேட்டையில் மகளிர் கல்லூரி ஒன்று உருவாயிற்று. பெண்பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பவே பல குடும்பங்கள் தயங்கிய காலம் அது. அக்கல்லூரி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இனி நம் பகுதியின் நிலையை நோக்குவோம். ஒரு காலத்தில் துறைமுகம் நம்மவர் தோள்வலிக்குச் சோறு போட்டது. மூட்டை சுமந்தவரும், கப்பலின் அடித்தட்டில் இறங்கிச் சரக்கு அடுக்கியவரும் அந்த வருமானத்தில் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். 1983ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. ஒரு கூட்டமே நாள் முழுதும் சுமந்த சரக்கை, இரும்புப் பெட்டியோடு சில நிமிடங்களில் கிரேன் தூக்கி வைத்தது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் செயற்படத் தொடங்கியது. 2011இல் நீதிமன்றத் தீர்ப்பினால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளுவது நின்றது. துறைமுகம் அழியவில்லை. தோளை நம்பிய வேலைதான் குறைந்தது. கணினியும் கணக்கும் சுங்கச் சட்டமும் அறிந்தவர்களுக்கு அங்கே இடம் கூடியது. தந்தை நின்ற இடத்தில் மகனும் நிற்க வேண்டுமெனில், இன்று அவன் கல்லூரி வழியாகவே அங்கு செல்ல வேண்டியிருக்கிறது.

2006ஆம் ஆண்டு வெளியான நீதிபதி சச்சார் குழுவின் அறிக்கை, இருபது வயதைக் கடந்த இந்திய முஸ்லிம்களில் பட்டமோ பட்டயமோ பெற்றவர்கள் நூற்றுக்கு நால்வர்கூட இல்லை என்று எடுத்துரைத்தது. மறு ஆண்டே, 2007இல், தமிழக அரசு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கியது. ஆயினும், விண்ணப்பமே செய்யாத பிள்ளைக்கு எந்த ஒதுக்கீடும் பயன்படாது. சாதிச் சான்றிதழை உரிய காலத்தில் பெற்று வைக்காமையால் வாய்ப்பை இழப்போரும் உண்டு.

கல்லூரி தொலைவில் இருக்கிறது என்று சொல்லவும் இயலாது. பழைய வண்ணாரப்பேட்டையில் 1950 முதல் சர் தியாகராயா கல்லூரி இயங்கி வருகிறது. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் அக்கல்லூரியின் பெயரிலேயே ஒரு நிலையம் இருக்கிறது. பிராட்வேயில் 1964இல் தொடங்கிய பாரதி மகளிர் கல்லூரி இருக்கிறது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி கற்கும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம், 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் அக்கல்லூரியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது.

இவ்வளவும் எழுதும் நாம், நம்முடைய தவறு ஒன்றையும் மறைக்க விரும்பவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தை, நல்ல மதிப்பெண் பெற்ற தம் மகனுடன் வந்து, கல்லூரியா வேலையா என்று யோசனை கேட்டார். வீட்டில் கடன் இருந்தது. மதரஸாவில் மட்டுமே பயின்ற நமக்குக் கல்லூரியின் நடைமுறை தெரியாது. "குடும்ப நிலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்" என்று கூறி அனுப்பிவிட்டோம். அரசு கல்லூரியில் கட்டணம் எவ்வளவு, உதவித்தொகை உண்டா என்று நாமும் விசாரிக்கவில்லை. விசாரித்துச் சொல்லக்கூடியவரிடம் அவர்களை அனுப்பவும் இல்லை. அப்பிள்ளை இன்றும் தினக்கூலிக்குச் செல்கிறார். குரூப் 2 தேர்வு எழுதவும், வங்கி அதிகாரி தேர்வு எழுதவும் பட்டம் வேண்டும். அது அவரிடம் இல்லை. ஜும்ஆவில் அவரைக் காணும்போதெல்லாம் நம் உள்ளம் உறுத்துகிறது.

ஆகவே, நிர்வாகப் பெருமக்களிடம் நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. தேர்வு முடிவு வந்த வாரத்திலேயே மஹல்லாவில் பிளஸ் டூ முடித்த ஆண், பெண் பிள்ளைகள் அனைவரின் பெயரையும் பட்டியலிடுவோம். விண்ணப்பம் நிரப்பவும் சான்றிதழ் பெறவும் பட்டதாரி இளைஞர் இருவரைப் பள்ளிவாசலில் அமர்த்துவோம். அடுத்த ஆண்டறிக்கையில், கல்லூரி சேர்ந்தோர் எத்தனை பேர் என்னும் கணக்கும் வரவு செலவுக் கணக்கோடு சேர்ந்து வெளிவர வேண்டும். முன்னோர் கல்லூரிகளைக் கட்டித் தந்துவிட்டார்கள். பிள்ளையின் கையைப் பிடித்து அதன் வாசல்வரை கொண்டு சேர்க்கும் பொறுப்பு நம்முடையது. அதனை இன்ஷா அல்லாஹ் இவ்வாண்டே தொடங்குவோமாக.