ஏமாற்றியது படமா, எதிர்பார்ப்பா?

படக்கொட்டகையை விட்டு வெளியே வரும் கூட்டத்தின் முகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள், தோழர்களே! உள்ளே நுழையும்போது இருந்த உற்சாகம் போய்விட்டிருக்கும். "ஏமாந்தோம்" என்ற ஒரு சொல் மட்டும் உதட்டில் நிற்கும். காசு போயிற்று, பொழுது போயிற்று. அவற்றினும் பெரிதாக, பல நாள் வளர்த்த ஆசை போயிற்று! கொட்டகையில் மட்டுமா? வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சித் தொடரின் கடைசி நாளைப் பார்த்துவிட்டு எழுகிறார்களே, அவர்கள் முகமும் இதே முகந்தான்.

அந்தக் கோபத்தைக் குறைகூற நான் வரவில்லை. பொன் என்று பறைசாற்றிப் பித்தளையை விற்பவனிடம் சினம் கொள்வது வாங்கியவனின் உரிமை. ஆனால், எதையும் 'ஏன்? எதற்கு?' என்று கேட்கப் பழகிய நாம், இங்கும் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். நம்மை ஏமாற்றியது படமா? அல்லது நாமே மனத்தில் சுமந்து சென்ற எதிர்பார்ப்பா? வரலாறு இதற்குத் தரும் விடை நமக்கு இனிப்பானதல்ல.

1939-ஆம் ஆண்டு, ஜூலைத் திங்கள், பாரிஸ் நகரம். 'மாபெரும் மாயை' என்ற படத்தால் 1937-இல் பெரும்புகழ் எய்திய ழான் ரெனுவார், 'ஆட்டத்தின் விதிகள்' என்ற புதிய படத்தைத் திரைக்குக் கொண்டு வந்தார். சீமான்களின் மாளிகைக்குள்ளே பொய்யே பண்பாடாக மதிக்கப்படுவதை அந்தப் படம் காட்டிற்று. பார்த்தவர்கள் கூச்சலிட்டனர். ரெனுவார் படத்தை வெட்டிச் சுருக்கினார், பயனில்லை. போர் மூண்டதும், மக்களின் மனவுறுதியைக் குலைக்கும் படம் என்று அரசு அதற்குத் தடை விதித்தது. மூலப் படச்சுருள் குண்டுவீச்சிலே அழிந்தது. எஞ்சிய துண்டுகளைத் தேடித் திரட்டி 1959-இல் அதை மீண்டும் உருவாக்கினர். 1962-இல் உலகத் திறனாய்வாளர்களிடையே நடந்த வாக்கெடுப்பில், சிறந்த படங்களின் வரிசையில் மூன்றாம் இடம் அதற்குக் கிடைத்தது! படம் மாறவில்லை, பார்த்த கண் மாறியது.

பாரிஸ்காரர் செய்த தவறு நமக்கென்ன என்று ஒதுக்கிவிட வேண்டாம். அதே தவற்றைத் தமிழ்நாடும் செய்திருக்கிறது.

தமிழ் பேசும் படம் பிறந்தது 1931 அக்டோபரில். 'காளிதாஸ்' என்ற அந்தப் படத்தில் கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழிலே பேச, கதாநாயகன் தெலுங்கிலே பேசினார். கதைக்கு எள்ளளவும் தொடர்பில்லாத கீர்த்தனைகளும் தேசியப் பாட்டுகளும் அதில் இடம்பெற்றன. ஆயினும் மக்கள் திரண்டனர்! காரணம், நாடக மேடை நம் காதைப் பழக்கி வைத்திருந்தது. நாடகம் என்றால் பாட்டு. நடிகன் என்றால் பாடகன். மேடையில் பாடியவர்களே திரையிலும் பாடினர். 1934-இல் வந்த 'பவளக்கொடி'யில் சுமார் 50 பாட்டுகள்! 1944-இல் வெளியான 'ஹரிதாஸ்' சென்னைக் கொட்டகை ஒன்றிலே மூன்று தீபாவளிகளைக் கண்டது. வாசலில் பாட்டுப் புத்தகம் விற்கும். அதை வாங்கிக்கொண்டு உள்ளே போவது வழக்கம். வழக்கம் மெல்ல மெல்ல விதியாயிற்று. பாட்டில்லாத படம் உப்பில்லாத சோறு என்று நம்பினோம்.

பிறகு 1952 வந்தது. 'பராசக்தி'யிலே சிவாஜி கணேசன் வசனம் பேசியதைக் கேட்டு நாடே நிமிர்ந்து உட்கார்ந்தது. பாட்டோடு இன்னோர் எதிர்பார்ப்பும் சேர்ந்துகொண்டது: கணேசன் திரையில் தோன்றினால் முழங்க வேண்டும்!

இந்த இரண்டு எதிர்பார்ப்புகளுக்கும் எதிராக வந்தது 'அந்த நாள்'. 1954 ஏப்ரலில் ஏவி.எம். நிறுவனம் வெளியிட்ட படம். எழுதியவர் ஜாவர் சீதாராமன், இயக்கியவர் எஸ். பாலசந்தர். பாலசந்தரோ இசையறிவு மிக்கவர்; வீணையில் பெரும்புகழ் பெற்றவர். அவர் எடுத்த படத்தில் ஒரு பாட்டுக்கூட இல்லை! நடனமும் இல்லை. முழங்குவார் என்று எதிர்பார்த்த கணேசனோ, படம் தொடங்கிய சிறிது நேரத்தில் குண்டடிபட்டுச் சாய்கிறார்.

ஜப்பானிய விமானம் சென்னை மீது குண்டு வீசிய 1943 அக்டோபரில் கதை நிகழ்கிறது. கொலையுண்டவன் வானொலிப் பொறியாளன். துப்பறிவோர் ஒவ்வொருவரையாக வினவுகின்றனர். ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்லி, ஐயத்தை வேறொருவர் மீது திருப்புகின்றனர். கேட்டதை எல்லாம் நம்பாதே, சான்றைப் பார் என்று படம் நமக்குச் சொல்லாமல் சொல்கிறது. முடிவிலே உண்மை வெளியாகிறது. மாண்டவன் எதிரிக்கு உளவு சொன்னவன். குண்டு பாய்ந்தது, நாட்டைக் காட்டிக்கொடுக்காதே என்று அவனைத் தடுக்க முயன்ற மனைவியின் கைத்துப்பாக்கியிலிருந்து! 'கல்லானாலும் கணவன்' என்று ஓதி வந்த நாட்டிலே, கணவன் பெரிதா நாடு பெரிதா என்று ஒரு பெண்ணைக் கேட்க வைத்த படம் அது. பண்டரிபாய் அந்த வேடம் ஏற்றிருந்தார்.

கொட்டகைக்குச் சென்றவர்கள் என்ன செய்தனர்? பாட்டு எங்கே என்று தேடினர். ஆட்டம் எங்கே என்று தேடினர். காணாமல் கசப்போடு திரும்பினர். முதல் ஓட்டத்தில் படம் பணம் ஈட்டவில்லை. இந்திய அரசின் தகுதிச் சான்றிதழ் அதற்குக் கிடைத்தது. தமிழ்ப் படங்களின் வரலாற்றில் அதற்கு நிலையான இடமும் கிடைத்தது. ஆனால் வேண்டிய வேளையில் கூட்டம் கிடைக்கவில்லை.

இழப்பு யாருக்கு? ஒரு நிறுவனத்துக்கு மட்டும் என்றால் மறந்துவிடலாம். அதன்பின் பல பத்தாண்டுகளாக, பாட்டில்லாத தமிழ்ப் படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாமே! புதிய பாதையில் ஒருவன் அடியெடுத்து வைக்கிறான். நாம் அவனைத் தனியே விட்டுத் திரும்புகிறோம். பிறகு, 'எல்லாப் படமும் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கிறதே' என்று அலுத்துக்கொள்கிறோம். அச்சை வார்த்ததில் நமக்கும் பங்கில்லையா?

ஆகவே, தோழர்களே! அடுத்த முறை ஏமாந்து வெளியே வரும்போது, வசைச்சொல் எழுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். நான் எதிர்பார்த்ததை எனக்குச் சொல்லித் தந்தது யார்: விளம்பரமா, பழக்கமா, என் அறிவா? நான் தேடியதைத் தருவதாகப் படைத்தவன் சொன்னானா? நான் தேடாத ஒன்றை அவன் தந்திருக்க, அதைக் காணாமல் வந்துவிட்டேனா?

மூன்றையும் கேட்ட பிறகும் படம் வெறும் பித்தளைதான் என்று தெரிந்தால், தயங்காமல் சொல்லுங்கள், உரக்கச் சொல்லுங்கள். அது திறனாய்வு. கேட்காமலே தூற்றினால், அது பழக்கத்துக்குச் செய்யும் பூசை. ஊரார் சொன்னார்கள் என்பதற்காக எதையும் நம்பாதவர்கள் நாம். 'நான் இப்படித்தான் எதிர்பார்த்தேன்' என்பதற்காக மட்டும் ஒன்றைத் தள்ளிவிடலாமா?