குருதியின் நிறமும் குறைமாதக் குழவியும்

பிறந்த குழவியின் உதடு சிவந்திருப்பின் ஆறுதலடைதலும், நீலம் பாரித்திருப்பின் அஞ்சுதலும் நாரந்தனை முதலிய தீவக ஊர்களிலே பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவிச்சியர்க்குப் பழக்கமானவையே. கண்ணே அவர்தம் கருவி. அக்கண் எத்துணை நம்பத்தக்கது என்னும் வினாவே இவ்வரலாற்றின் தோற்றுவாய்.

1940களில் மேனாட்டு மருத்துவர் குறைமாதக் குழந்தைகட்குப் பிராணவாயுவைத் தாராளமாக அளித்தனர். உயிர்காக்க அளித்த வாயுவே பலரின் பார்வையைப் பறித்தது. 1951இல் மெல்பேண் நகரத்து மருத்துவர் கேற் காம்பெல் இவ்வையத்தை வெளியிட்டார். அமெரிக்க மருத்துவமனைகள் பல கூடி நடத்திய ஆய்வு 1954இல் அதனை உறுதிசெய்தது. அதற்குள் உலகெங்கும் ஏறக்குறைய 10,000 குழந்தைகள் பார்வையிழந்துவிட்டனர். பின்னர் வாயுவை மிகக் குறைத்தமையால் வேறு பலர் உயிரிழந்தனர். அளந்தறிய வழியின்மையே இரு கேட்டுக்கும் காரணமாயிற்று.

1974இல் யப்பானியரான தக்குவோ அயோயாகி, ஊசியின்றி, நாடித்துடிப்பின் துணைகொண்டு குருதியின் பிராணவாயு நிறைவை ஒளியால் அளக்கும் முறையை வெளியிட்டார். எனினும் இதயக் குறையுள்ள குழவிக்கு இது மட்டும் போதாது. கருவிலே நுரையீரல் நாடியையும் பெருநாடியையும் இணைத்த குழாய், குறைமாதக் குழந்தைகள் பலரிடம் பிறந்தபின்னும் மூடாது நிற்கும். உடலுக்குச் செல்லவேண்டிய குருதியில் ஒரு பகுதி நுரையீரலுக்கே மீளும். கையிற் குருதி செம்மையாய்த் தோன்றவும், மூளையும் குடலும் பட்டினி கிடத்தல் கூடும்.

இவ்விடத்திலே உதவியது கண்ணுக்குப் புலனாகாத ஓர் ஒளி. செந்நிறத்துக்கு அடுத்துள்ள அவ்வொளி மண்டையோட்டையும் ஊடுருவும்; பிராணவாயு ஏற்ற குருதியும் இழந்த குருதியும் அதனை வெவ்வேறளவில் ஈர்க்கும். இதனை 1977இல் பிரான்ஸ் யோப்சிஸ் காட்டினார். 1985இல் அவரும் அவர்தம் குழுவினரும் குறைமாதக் குழந்தைகளிடம் கண்டவற்றை வெளியிட்டனர். இன்று நெற்றியில் ஒட்டும் சிறு பட்டையொன்று, மூளைத் திசுவின் பிராணவாயு வரவுக்கும் செலவுக்கும் உள்ள பொருத்தத்தை இடையறாது காட்டுகின்றது.

கருவி வந்ததனால் குறை தீர்ந்ததோ? 17 நாடுகளிலே 1,601 குறைமாதக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. இக்கருவியின் வழிநின்று சிகிச்சை பெற்றோரிடத்தும் மரணமோ கடும் மூளைச் சேதமோ குறைந்திலது. அளத்தல் வேறு, ஆற்றுதல் வேறு. அளவு காட்டிய குறையை எதனால், எப்பொழுது நிரப்புவது என்பதை மருத்துவன் அறிதல் வேண்டும்.

பண்ணைப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணத்து மருத்துவமனைக்குக் குறைமாதக் குழவியை ஏந்திச் செல்லும் தீவகத் தாய்க்கு இவ்வரலாறு தெரியவேண்டுவதில்லை. மருத்துவம் பயிலச் செல்லும் நம் மாணவர்க்கோ இது மறக்கத்தகாதது. ஆராயாது அளித்த அன்பு அன்று கண்ணைப் பறித்தது. ஆராய்ந்து அளிக்கும் அன்பே உயிரையும் கண்ணையும் ஒருங்கே காக்கும்.