தளவானூர் மகரதோரணம்

தளவானூர் மகரதோரணம் என்பது விழுப்புரம் மாவட்டம், செஞ்சிப் பகுதியிலுள்ள தளவானூர்க் குடைவரைக் கோயிலின் முகப்பில் செதுக்கப்பட்டுள்ள அலங்கார வளைவு ஆகும். கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் இக்கோயிலைச் சிவபெருமானுக்காகக் குடைவித்தான். 'சத்ருமல்லன்' என்னும் அவனது விருதுப்பெயரால் இது சத்ருமல்லேசுவரம் எனப்படுகிறது.

அமைப்பு

முகப்பின் நடுவில் இரண்டு முழுத்தூண்களும் ஓரங்களில் இரண்டு அரைத்தூண்களும் உள்ளன. முழுத்தூண்கள் மேலும் கீழும் சதுரமாகவும் இடையில் எட்டுப்பட்டையாகவும் அமைந்தவை. இவற்றின் மேல் தோரணம் வளைந்து செல்கிறது. முதலையும் யானையும் கலந்த கற்பனை விலங்கான மகரத்தின் வாயிலிருந்து வளைவு புறப்படுகிறது. மேலேயுள்ள கபோதத்தின் கூடுகளில் கந்தர்வர் முகங்கள் காணப்படுகின்றன. முகப்பின் இருபுறமும் வாயிற்காவலர் நிற்கின்றனர்.

தழையிலிருந்து கல்லுக்கு

விழாக்காலத்தில் வாயிலில் தழையும் பூவும் கட்டும் வழக்கம் தமிழகத்தில் இன்றும் உள்ளது. வாடிப்போகும் அந்த அலங்காரத்தின் நிலைத்த வடிவமே கல் தோரணம். பல்லவர் அரண்மனை எதுவும் இன்று எஞ்சவில்லை. செங்கல், மரம், உலோகம், சுதை இன்றிக் கோயில் எடுத்ததை மகேந்திரனின் மண்டகப்பட்டுக் கல்வெட்டு சிறப்பித்துக் கூறுகிறது. அதற்கு முன் கட்டடங்கள் அப்பொருள்களால் ஆனவை என்பது இதனால் விளங்கும். எனவே, அழிந்துபோன மரமாளிகைகளின் வாயில் அழகை ஊகிக்க உதவும் அரிய சான்றுகளுள் தளவானூர் முகப்பும் ஒன்று.

செடிகொடியும் அரசும்

இங்குள்ள தமிழ்க் கல்வெட்டு, மன்னனைத் தொண்டை மாலை அணிந்தவன் எனக் குறிக்கிறது. தொண்டை என்பது கோவைக்கொடி. 'பல்லவம்' என்னும் வடசொல்லுக்கும் தளிர் என்று பொருள். மகேந்திரன் காலக் குடைவரைத் தூண்கள் பலவற்றில் தாமரைப் பதக்கங்கள் இடம்பெற்றுள்ளன.

ஒவ்வொரு நாடும் தான் போற்றிய செடிகொடியையே அலங்காரமாக்கியது. மேற்காசியாவில் அவ்விடத்தைப் பெற்றவற்றுள் மாதுளை முக்கியமானது. எருசலேமில் சாலமோன் கட்டிய ஆலயத்தின் தூண்தலைப்புகளில் மாதுளங்கனி வரிசைகள் இருந்ததாக விவிலியம் கூறுகிறது. அல்அம்பிரா அரண்மனை அமைந்துள்ள எசுப்பானிய நகரமான கிரனாடாவின் சின்னமும் மாதுளையே. பல்லவ நாட்டில் அந்தப் பெருமை தாமரைக்கும் தொண்டைக்கும் கிடைத்தது.