தளவாயும் கப்பித்தானும்

குளச்சல் யுத்தத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வெற்றியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 1741 ஆகஸ்டில் டச்சுக்காரர்கள் சரணடைந்தார்கள். ஒரு சின்ன ராஜ்யம் ஐரோப்பியக் கம்பெனி ஒன்றைக் கடற்கரையிலேயே மடக்கிவிட்டது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் எனக்கு அந்த வெற்றியைவிட அதற்கு முன்னும் பின்னும் நடந்தவை சுவாரசியமாகப் படுகின்றன. ஒரு நாட்டின் சைன்யம் யாருடையது, உத்தரவிடுவது யார், சிப்பாய்க்குச் சோறு போடுவது யார் என்ற கேள்விகளுக்கு, குளச்சலுக்கும் ஆரல்வாய்மொழிக்கும் நடுவே உள்ள இந்தச் சின்ன வட்டாரம் எழுபது வருஷத்துக்குள் மூன்று விதமான பதில்களைப் பார்த்துவிட்டது.

மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வந்தது 1729-ல். அப்போது அரசனுக்கென்று ஒரு படை இருந்தது என்று சொல்வது மரியாதைக்காகத்தான். களரியில் பழகிய வீரர்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவர்கள் மாடம்பிமார்களின் ஆட்கள். எட்டு வீட்டில் பிள்ளைமார்களின் ஆட்கள். தலைவன் கண்ணசைத்தால் வாளெடுப்பார்கள். அரசன் ஓலை அனுப்பினால் தலைவனின் முகத்தைப் பார்ப்பார்கள். இதைச் சமாளிக்க முந்திய அரசர் 1726-ல் மதுரை நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு படையை வாடகைக்குப் பிடித்தார். வாடகைப் படைக்குக் கூலி எங்கிருந்து வரும்? கன்னிப் பூவும் கும்பப் பூவும் விளைகிற நாஞ்சில் நாட்டு வயலிலிருந்துதான். எங்கள் பக்கத்தில் கோட்டை என்றால் மதிலும் கொத்தளமும் மட்டுமல்ல, நெல்லளவும் கோட்டைதான். இரண்டுக்கும் உள்ள சம்பந்தத்தை ஊர்க்காரர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். காவலுக்கு வகையில்லாத இடத்தில் வரி இறுக்க மாட்டோம் என்று நாட்டார் கூட்டம் கூடித் தீர்மானித்ததும் உண்டு.

மார்த்தாண்ட வர்மா செய்த பெரிய காரியம் டச்சுக்காரனை வென்றதல்ல, பிள்ளைமார்களை ஒழித்ததுதான் என்று நான் நினைக்கிறேன். அதைச் செய்த விதம் கொடூரமானது. அதை மறைத்துச் சொல்வதில் பிரயோஜனமில்லை. ஆனால் அதன் பிறகு சிப்பாய்க்கும் அரசனுக்கும் நடுவே ஆளில்லை. சம்பளம் அரசன் கஜானாவிலிருந்து போயிற்று. அதற்கு மேற்பார்வை தளவாய். தளவாய் என்றால் நமக்கு மதுரை அரியநாத முதலியார் ஞாபகம் வரும். அதே ஸ்தானம்தான் இங்கும்; மந்திரியும் அவரே, சேனாதிபதியும் அவரே. 1737-லிருந்து அதில் இருந்த ராமய்யன், வரிக் கணக்கையும் படை நடத்துவதையும் ஒரே கையில் வைத்திருந்தார்.

குளச்சலில் டச்சுக்காரர்களின் முகாமுக்குள் பீரங்கிக் குண்டு விழுந்து அரிசி எரிந்துபோனதால்தான் அவர்கள் பணிந்தார்கள் என்று சொல்கிறார்கள். அங்கேயும் அரிசிதான்! பிடிபட்டவர்களில் ஒருவர் யூஸ்டேசியஸ் டிலனாய். வயது இருபத்தாறு இருக்கும். கைதியாக வந்தவர் முதலில் அரசனின் மெய்க்காவல் படைக்குப் பயிற்சி கொடுத்தார். பிறகு படைக்கே தலைவராகி, ‘வலிய கப்பித்தான்’ ஆனார்.

அவர் கொண்டுவந்தது துப்பாக்கி என்று நினைப்பது தவறு. துப்பாக்கி முன்பே இருந்தது. அவர் கொண்டுவந்தது வரிசை. களரி வீரன் ஒண்டியாகச் சண்டை போடுகிறவன். அவனுடைய வித்தை அவன் உடம்பில் இருக்கிறது. பேரும் புகழும் அவனுக்கே. துப்பாக்கிக்காரனோ பக்கத்து ஆளோடு தோள் சேர்ந்து நிற்க வேண்டும். சுடு என்றால் எல்லோரும் சேர்ந்து சுட வேண்டும்; நில் என்றால் குண்டு வந்தாலும் நிற்க வேண்டும். 1740-ல் பிரஷ்யாவில் பட்டத்துக்கு வந்த பிரெடரிக், தம் சிப்பாய்களிடம் வற்புறுத்தி வந்ததும் இதையேதான். உதயகிரியில் டிலனாய் பீரங்கி வார்க்கும் பட்டறையும் வைத்தார். அவரை அரசர் நம்பியதற்குக் காரணம் திறமை மட்டுமல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. அவருக்கு இங்கே குலமில்லை, தறவாடு இல்லை, பின்னால் வர ஆளில்லை. அரசன் சம்பளத்தை நிறுத்தினால் அவர் வெறும் கைதி.

1750-ல் மார்த்தாண்ட வர்மா ராஜ்யத்தைப் பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்து, உடைவாளையும் சந்நிதியில் வைத்தெடுத்தார். பக்தி இருக்கலாம். ஆனால் அன்றிலிருந்து அரசனுக்கு எதிராக வாளெடுப்பது சுவாமித் துரோகமும் ஆகிவிட்டது. 1753-ல் மாவேலிக்கரை ஒப்பந்தத்தில், தோற்ற டச்சுக்காரர்களே வருஷத்துக்கு 12,000 ரூபாய்க்கு ஆயுதம் விற்க ஒப்புக்கொண்டார்கள். டிலனாய் 1777-ல் காலமானார். உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது.

அடுத்து வந்தது திப்பு சுல்தானின் படையெடுப்பு. 1789-ல் வடக்கே நெடுங்கோட்டையில் அவரைத் தடுத்தாலும் பயம் போகவில்லை. 1795-ல் இங்கிலீஷ் கம்பெனியோடு உடன்படிக்கை: பட்டாளம் கம்பெனியுடையது, செலவு திருவிதாங்கூருடையது. மறுபடியும் வாடகைப் படை! மதுரை நாயக்கரின் ஆட்களையாவது கணக்குத் தீர்த்து அனுப்பிவிடலாம். இவர்களை அனுப்ப முடியாது.

தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாயானபோது கஜானா காலி. 1804-ல் சொந்தப் படையின் படிகளைக் குறைக்கப் பார்த்தார். படை அவர் மேலேயே திரும்பியது. அதை அடக்க அவர் நாடியது ரெசிடெண்டு மெக்காலேயின் உதவியை. மறு வருஷமே புது உடன்படிக்கை. கம்பெனிப் படைக்குக் கட்ட வேண்டியது வருஷம் 8 லட்சம் ரூபாய். அந்தப் பாக்கியில் தொடங்கிய பகைதான் 1809-ல் குண்டறை விளம்பரத்தில் வந்து முடிந்தது. ஜனங்கள் எழுந்தார்கள், ஆனால் ஐந்து வருஷத்துக்கு முன் தளவாயே நொறுக்கிய படையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிப்ரவரி 10-ந் தேதி கம்பெனிச் சிப்பாய்கள் இரவோடு இரவாக மலையேறி ஆரல்வாய்மொழி அரணைப் பிடித்தார்கள். டிலனாய் பார்த்துப் பார்த்துக் கட்டிய உதயகிரி, பெரிய சண்டையில்லாமல் பணிந்தது.

பிறகு படையைக் கலைத்தார்கள். சில நூறு பேரை மட்டும் விட்டுவைத்தார்கள். 1830-ல் நாயர் பிரிகேடு என்று பேர் வைத்தபோது அதற்கு உத்தரவிட்டவர்கள் இங்கிலீஷ்காரர்கள். ஆராட்டு ஊர்வலத்துக்கு அணிவகுத்து நடப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்றாயிற்று.

அந்தப் படையின் வாரிசான திருவிதாங்கூர்க் காலாட்படை, 1954-ல் சென்னை ரெஜிமெண்டின் 9-ஆம் பட்டாளமாக இந்திய ராணுவத்தில் சேர்ந்தது. குளச்சல் வெற்றியையும் தன்னோடு எடுத்துக்கொண்டு போயிற்று. மறு வருஷம் டில்லியில் சேனாதிபதி என்ற பட்டத்தையே எடுத்துவிட்டு, முப்படைகளுக்கும் தனித்தனித் தளபதிகள் என்று வைத்தார்கள். தலைமை அரசியல் சட்டப்படி ராஷ்டிரபதியிடம். சம்பளப் பணம் பார்லிமெண்டு ஓட்டுப் போட்டுக் கொடுப்பது. 2020-ல் மூன்று தளபதிகளோடு முப்படைத் தலைமைத் தளபதி என்று ஒருவரை வைத்தபோதும், படைகளுக்கு உத்தரவிடும் அதிகாரத்தை அவரிடம் கொடுக்கவில்லை.